பூசணத்தில் மருந்து உண்டு. பூத்த கடலையில் இல்லை

ஐப்பசி மழையில் பறித்த மானாவாரி நிலக்கடலை களத்தில் குவிந்து கிடக்கிறது. நான்கு நாட்களாக வெயில் முகமே காட்டவில்லை. ஐந்தாம் நாள் குவியலைக் கிளறினால் உள்ளே சூடு பறக்கிறது. காய்களின் மேல் பசுமஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாகப் பூசணம். வீட்டுப் பெரியவர் ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, "பென்சிலின் மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறார்களாம். கொஞ்சம் பூத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? வெயில் வந்ததும் காயவைத்து, நல்லதைச் சந்தைக்குப் போடு, பூத்ததை ஆட்டிப் பிண்ணாக்கை மாட்டுக்கு வை" என்கிறார். நிலக்கடலை விளையும் வட்டாரங்களில் இப்படிப்பட்ட பேச்சு புதிதல்ல.

பெரியவர் சொன்னதில் முதல் பாதி சரிதான். பூசணங்களிலிருந்து பென்சிலின் மட்டுமல்ல, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக் கொண்டவரின் உயிரைக் காக்கும் மருந்து, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்து என்று பல வந்துள்ளன. அவற்றுள் சில, தானியத்தில் பூத்த பூசணத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டவை. ஆனால் அந்த மருந்துகள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், பூத்த கடலையை மாட்டுத் தொட்டியில் போட எந்த உழவருக்கும் கை வராது. பூசண மருந்துகளில் பல, பூசண நஞ்சுகளேதான். உயிரணுவின் ஏதேனும் ஒரு வேலையைத் தடுப்பதோ, அளவுக்கு மீறி முடுக்குவதோ அவற்றின் தொழில். எந்த உயிரணுவில், எவ்வளவு அளவில், எத்தனை நாளுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். களத்துக் குவியலில் அதை முடிவு செய்ய ஆளில்லை.

வான்கோழியில் தொடங்கிய கதை

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மடிந்தன. என்ன நோய் என்றே விளங்காமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். கிருமி ஏதும் அகப்படவில்லை. பிறகு தீவனத்தைத் துருவியபோது, பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கில் காரணம் கிடைத்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் கடலையில் வளர்ந்து, அதில் விட்டுச்சென்ற நஞ்சு அது. பூசணத்தின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். நம் களத்துக் கடலையில் பசுமஞ்சளாகப் பூப்பதும் பெரும்பாலும் இதே பூசணம்தான்.

இது கோழிக்கும் மாட்டுக்கும் மட்டும் உரிய கேடு என்று எண்ணியிருந்தவர்களை 1974 திடுக்கிட வைத்தது. அந்த ஆண்டு குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் உள்ள பழங்குடி கிராமங்களில், பருவம் தப்பிய மழையில் மக்காச்சோளம் நனைந்து பூத்தது. மக்காச்சோளமே அந்த மக்களின் அன்றாட உணவு. மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக 397 பேர் படுத்தார்கள். 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சச் சோற்றைத் தின்ற நாய்களும் அதே நோயில் செத்தன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அந்தத் தானியத்தைச் சோதித்து, அஃப்ளாடாக்சினே காரணம் என்று காட்டினர். 2004-இல் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் இதே கதை மீண்டும் நடந்தது. அங்கும் ஈரத்தோடு வீட்டில் சேமித்த மக்காச்சோளம்தான். 317 பேர் நோயுற்று, 125 பேர் மாண்டார்கள்.

இவ்வாறு கூட்டமாகச் சாவது அரிது. அரிது என்பதனாலேயே உழவர்கள் இந்த நஞ்சைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும் நஞ்சு சத்தமின்றி வேலை செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கல்லீரலின் உயிரணு ஒன்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. 'செல்' என்று பள்ளிப் புத்தகத்தில் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருள் இருக்கிறது. அது வீட்டுப் பத்திரம் போன்றது. உயிரணு என்ன செய்ய வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. உடம்புக்குள் வேண்டாத பொருள் வந்தால் அதைக் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் பொறுப்பு. அஃப்ளாடாக்சின் விஷயத்தில் இந்த நல்ல முயற்சியே வினையாகிவிடுகிறது. கல்லீரலின் நொதிகள் அதை மாற்றும்போது முன்னிலும் துடிப்பான ஒரு பொருள் உண்டாகிறது. அது ஓடிப்போய் டி.என்.ஏ.வில் உள்ள குவானின் என்னும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்காகப் பத்திரத்துக்கு நகல் எடுக்கும்போது அந்த இடத்தில் எழுத்து மாறிவிடுகிறது. பட்டாவில் ஒரு சர்வே எண் மாறினால் எத்தனை வருடம் தாலுகா கச்சேரிக்கு அலைய வேண்டும் என்பது உழவருக்குத் தெரியும். உயிரணுவுக்கு அலைய நேரமில்லை. பிழையான நகலே அடுத்த தலைமுறை உயிரணுக்களுக்குப் போகிறது. 'பி53' என்று ஒரு மரபணு உண்டு. கெட்டுப்போன உயிரணு பெருகாமல் தடுக்கும் காவல்காரன் அது. அஃப்ளாடாக்சின் மிகுந்த பகுதிகளில் கல்லீரல் புற்றுநோய் கண்டவர்களிடம் இந்தக் காவல்காரனின் ஒரே குறிப்பிட்ட இடத்தில், 249-ஆம் இடத்தில், எழுத்து மாறியிருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ்-பி என்ற கல்லீரல் கிருமி ஏற்கெனவே உடம்பில் தங்கியிருப்பவருக்கு இந்த நஞ்சினால் வரும் ஆபத்து, கிருமி இல்லாதவரைவிட 30 மடங்கு வரை கூடுதல். பிறந்த குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களில் அதைத் தவறவிடாமல் இருக்க இது மேலும் ஒரு காரணம்.

அதே நஞ்சு மருந்தாவது எப்படி?

பென்சிலினை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் தொடங்கி வைத்த பேச்சு அல்லவா? 1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்ட அந்தப் பொருள், நோய்க் கிருமியான பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்புவதைத் தடுக்கிறது. சுவர் எழும்பாத கிருமி வெடித்துச் சாகிறது. மனித உயிரணுவுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது. ஆகவே ஒவ்வாமை உள்ளவர் நீங்கலாக மற்றவர்க்குப் பென்சிலின் பெரும் தீங்கு செய்வதில்லை. இது பூசணத்தின் கருணையன்று. இரண்டு உயிரணுக்களின் அமைப்பில் உள்ள வேற்றுமை. அஃப்ளாடாக்சினுக்கு அப்படி வேற்றுமை பார்க்கத் தெரியாது. வான்கோழி, கன்று, நாய், மனிதன் எல்லாரின் கல்லீரலும் அதற்கு ஒன்றுதான்.

அடுத்த கதை உழவருக்கு இன்னும் நெருக்கமானது. 1893-இல் இத்தாலியில் பார்த்தலோமியோ கோசியோ என்ற மருத்துவர், கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பூசணத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழை விவசாயிகளைப் பிடித்த பெல்லாக்ரா என்னும் தோல் நோய்க்குப் பூசணம்தான் காரணமோ என்று தேடினார் அவர். அந்த நோய்க்கு உண்மைக் காரணம் உணவில் நயாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவு என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் அவர் பிரித்த மைகோஃபினாலிக் அமிலம் வீண் போகவில்லை. நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் வெள்ளை அணுக்கள் பெருகுவதற்குக் குவானினைத் தாங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும்; மற்ற உயிரணுக்கள் பழையதைத் திரும்பப் பயன்படுத்திச் சமாளித்துவிடும். இந்த அமிலம் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. வெள்ளை அணுக்கள் பெருகாமல் நிற்கின்றன. பிறர் கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று தாக்காமல் இருக்க இதுவே வேண்டியது. நூறாண்டுக்குப் பின், 1995-இல், இது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உண்பவருக்குத் தொற்று நோய் எளிதில் வரும். கருவுற்ற பெண் உண்டால் கரு சிதையும், ஊனமும் ஆகலாம். மருத்துவர் அதற்காக அடிக்கடி இரத்தம் சோதிக்கிறார். மக்காச்சோளக் குதிரில் யார் சோதிப்பது?

அரிசிக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானில் வேளாண் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற அறிஞர் சுமார் 6000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூசணத்தில், உயிரணு கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலை உண்டாக்குவதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். இன்று மாரடைப்பைத் தடுக்கக் கோடிக்கணக்கானோர் விழுங்கும் 'ஸ்டாட்டின்' மாத்திரைகளுக்கு அதுவே மூலம். அதே பூசணம் சிட்ரினின் என்ற இன்னொரு பொருளையும் உண்டாக்குகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. ஒரே பூசணம், ஒரே அரிசி, இரண்டு பொருள்கள். பூத்த அரிசியைக் கழுவிச் சமைப்பவர் எதை உண்கிறார் என்று கண்ணால் சொல்ல முடியுமா?

கம்பு விளைவிப்போருக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும். பூக்கும் தருணத்தில் மப்பும் தூறலுமாக இருந்தால் கதிரிலிருந்து தேன் போன்ற திரவம் வடியும்; பிறகு மணிக்குப் பதிலாகக் கரிய கட்டிகள் உண்டாகும். இதுவே எர்காட். குளிர் நாடுகளில் ரை என்னும் தானியத்தில் வரும் எர்காட், இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக மக்களை மடக்கியது. இரத்தக் குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்களை அது விடாமல் இறுக்கும். இரத்தம் ஓடாமல் கைவிரலும் கால்விரலும் கருத்து உதிர்ந்தன. அங்கிருந்த மருத்துவச்சிகள் இதே கட்டி கருப்பையையும் இறுக்கும் என்று அறிந்து, பிரசவத்தை விரைவுபடுத்தக் கொடுத்தார்கள். அளவு தெரியாமல் கொடுத்ததில் குழந்தைகள் செத்தன, தாயின் கருப்பை கிழிந்தது. 1820-களில் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹொசாக், அதைப் பேற்றுத்தூள் என்பதைவிடச் சாவுத்தூள் என்பதே பொருந்தும் என்று எச்சரித்து, குழந்தை பிறந்த பின் உதிரத்தை நிறுத்த மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொன்னார். 1935-இல் அதன் சாரமான எர்கோமெட்ரின் தனியே பிரிக்கப்பட்டது. இன்று பிரசவத்துக்குப் பின் போடப்படும் மெதில் எர்கோமெட்ரின் ஊசியில் இருப்பது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவுதான் தாயைக் காக்கிறது; இரத்த அழுத்தம் மிகுந்தவருக்கு அதுவும் கூடாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சென்னை மாகாண வேளாண்மைத் துறையினர் நீலகிரியில் ரை பயிரிட்டு, கதிர்களில் இந்தப் பூசணத்தை வேண்டுமென்றே ஏற்றி, மருந்துக்காக வளர்த்தார்கள். பூசணத்தை விளைபொருளாக எடுத்த பயிர் அது. ஆனால் கம்பில் வரும் எர்காட் வேறு இனம். அதில் உள்ள பொருள்கள் வேறு. வாந்தி, தலைசுற்றல், அசதித் தூக்கம் தரும். பிரசவ ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டினால் எர்காட் கட்டிகள் மிதக்கும். வடித்து எறிந்துவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்த வேண்டும்.

காட்டுக் காளான்களிலேயே மிகக் கொடியதின் நஞ்சும் இப்போது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அமானிட்டின் எனப்படும் அது, உயிரணு தன் பத்திரத்தைப் படிக்கவே விடாமல் நிறுத்திவிடும். அந்த நஞ்சைப் புற்று உயிரணுவை மட்டும் தேடிச் செல்லும் எதிர்ப்பொருளோடு பிணைத்து, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் கண்டவர்களிடம் சோதிப்பது 2022-இல் தொடங்கியது. வெற்றி பெற்றால் நல்லது.

பாலில் வரும் பங்கு

காயவைத்தால் பூசணம் வளர்வது நிற்கும், நஞ்சு போகாது. துடைத்தாலும் கழுவினாலும் போகாது. அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அஃப்ளாடாக்சின் அழியாது. செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பங்கு எண்ணெயில் இறங்காமல் பிண்ணாக்கிலேயே தங்குகிறது. அதைத் தின்ற பசுவின் கல்லீரல் நஞ்சை மாற்றிப் பாலில் விடுகிறது. தின்றதில் சுமார் 1 முதல் 3 சதம் வரை, நிறையக் கறக்கும் பசுவில் 6 சதம் வரை, அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் பாலுக்கு வந்துவிடும். பால் காய்ச்சினாலும் அது போகாது. அந்தத் தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பால் சுத்தமாகிவிடும் என்பது ஓர் ஆறுதல்.

2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து நடத்திய அரசு ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. கலப்படத்தைத் தேடிப் போனவர்களுக்கு அதைவிடப் பெரிதாக இந்த நஞ்சு அகப்பட்டது. 368 மாதிரிகளில் எம்1, அனுமதித்த அளவாகிய கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அவற்றுள் 88, தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் இருந்தவை. எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. இந்தப் பாலை முதலில் குடிப்பது சொசைட்டிக்கு ஊற்றிய பின் மிஞ்சியதைக் காய்ச்சும் உழவர் வீட்டுக் குழந்தை.

இதற்கெல்லாம் உழவரையே குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது, நியாயமல்ல. கடலைப் பருப்பில் அனுமதிக்கப்படும் அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். 10 டன் லாரி லோடுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 150 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நேரடியாக உண்ணும் கடலையில் ஐரோப்பிய நாடுகள் 4 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்பதில்லை. அதற்காக ஏற்றுமதியாளர் சோதிக்கிறார், பொறுக்குகிறார், நல்லதைக் கப்பலேற்றுகிறார். கழிந்தது உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் காயைக் கொண்டுவந்த சிறு விவசாயிக்கு, நன்றாக உலர்த்தியதற்காக எத்தனை இடத்தில் கூடுதல் விலை கிடைக்கிறது? ஈரம் இருந்தால் கழிவு பிடிப்பார்கள். உலர்ந்திருந்தால் எடை குறைந்தது விவசாயி நட்டம். போதாததற்கு, உடைப்பு ஆலையில் பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் வேறு. களத்தில் பாடுபட்டு உலர்த்தியதை அங்கே ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடுகிறது.

அஃப்ளாடாக்சினைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகள் இன்று உள்ளன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இவற்றை வைத்து, நஞ்சில்லாத லாட்டுக்குத் தனி விலை அறிவிக்க வேண்டும். மழை மாதங்களில் தார்ப்பாயும் உலர்களமும் கிடைக்கச் செய்வது, நோய் வந்தபின் மருத்துவமனைக்குச் செலவழிப்பதைவிட அரசுக்கு மலிவு. பால் சொசைட்டிகள் கொழுப்பு பார்ப்பதோடு நில்லாமல், தீவனத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். இவை வரும்வரை உழவர் சும்மா இருக்கலாம் என்பதல்ல. முதிரும் தருணத்தில், கடைசி ஒரு மாதத்தில், நிலம் வறண்டால் மண்ணிலேயே காய்க்குள் பூசணம் ஏறிவிடும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் ஒரு உயிர்த் தண்ணீராவது விட வேண்டும். பறித்த கொடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஈரத்தோடு குவிக்கவே கூடாது. காயைக் குலுக்கினால் கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் கழல வேண்டும். ஈரம் 8 சதத்துக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல், சுவரில் சாத்தாமல், பலகை மேல் அடுக்க வேண்டும். சுருங்கியது, முளைத்தது, நிறம் மாறியது, மண்வெட்டி பட்டது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பங்கு நீங்கிவிடும். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை, சிலவற்றில் குவிந்திருக்கும்.

பொறுக்கியதை என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். எறிவதற்கு மனம் வராது, பாடுபட்டது. ஒரு சில படி என்றால் எரித்துவிடலாம். மூட்டைக் கணக்கில் பிண்ணாக்கு பூத்துவிட்டால் அதற்கு நிலம் இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 சதம் தழைச்சத்து உண்டு. தூளாக்கி வாழைக்கோ கரும்புக்கோ மண்ணில் கலந்து எருவாக இடலாம். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், அந்தத் தூசியிலும் நஞ்சு உண்டு. நிலக்கடலை விதைக்கப் போகும் வயலுக்கு மட்டும் அதை இட வேண்டாம்.